கடிதங்களால் வளர்ந்த கூர்ப்பியல்

விஞ்ஞானி என்றதும், தனியறையொன்றிலே எவரோடும் உரையாடாது ஆராய்ச்சியில் மூழ்கியிருக்கும் ஒருவரின் உருவமே பலர் உள்ளத்தில் எழுகின்றது. சாள்ஸ் டார்வினின் வாழ்க்கையும் மேலோட்டமாக நோக்குவார்க்கு அவ்வாறே தோன்றும். 1842 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் கெண்ட் பகுதியிலுள்ள டவுண் என்னும் சிற்றூரிற் குடியேறிய அவர், 1882 இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். ஓயாத உடல்நலக் குறைவு அவரை வீட்டோடு கட்டிப்போட்டது. கூட்டங்களுக்கு அவர் செல்வது அரிது. எனினும், அவர் எழுதியனவும் அவருக்கு வந்தனவுமாக 15,000க்கு மேற்பட்ட கடிதங்கள் இன்று கண்டறியப்பட்டுள்ளன. அவருடன் கடிதத் தொடர்பு கொண்டோர் ஏறத்தாழ இரண்டாயிரவர். வெளியுலகை விட்டு ஒதுங்கி வாழ்ந்தவர் போலக் காணப்பட்ட அம்மனிதர், உண்மையிலே ஐந்து கண்டங்களோடும் நாள்தோறும் உரையாடிக் கொண்டிருந்தார்.

அக்கடிதங்களில் மூன்று வகைச் செய்திகள் விரவிக் கிடக்கின்றன. ஒன்று ஆராய்ச்சி, மற்றொன்று வாய்ப்பு, மூன்றாவது, சமூகத்தைப் பற்றிய கவலை. இம்மூன்றும் ஒரே உறையினுள் வந்து சேர்ந்தன என்பதே கவனிக்கத்தக்கது.

முதலில் வாய்ப்பைப் பார்ப்போம். 1831 ஓகஸ்ட் மாதத்திலே, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தாவரவியற் பேராசிரியர் ஹென்ஸ்லோ தம் மாணவராகிய டார்வினுக்கு ஒரு கடிதம் வரைந்தார். பீகிள் என்னும் கப்பல் தென்னமெரிக்கக் கரைகளை அளவிடச் செல்கின்றது; இயற்கை வரலாறு அறிந்த ஒருவருக்கு அதில் இடமுண்டு என்பது அதன் சாரம். டார்வினுக்கு அப்போது வயது 22. அவருடைய தந்தையார் இணங்கவில்லை. டார்வினும் மறுத்து விடையெழுதிவிட்டார். பின்னர் அவருடைய மாமனார் யோசையா வெட்ஜ்வுட், தந்தையாரின் தடைகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாய் மறுமொழி கூறி எழுதிய பிறகே அனுமதி கிடைத்தது. ஓர் ஆசிரியர் தம் மாணவரை நினைந்து எழுதிய கடிதமும், ஓர் உறவினர் பொறுமையோடு எழுதிய கடிதமும் இல்லையாயின், ஐந்தாண்டுக் கடற்பயணமும் அதன் வழிவந்த சிந்தனையும் எங்ஙனம் உருவாகியிருக்கும்?

இனி ஆராய்ச்சி. புறா வளர்ப்போர், தோட்டக்காரர், கப்பற் றலைவர், பாதிரிமார், தூர நாட்டு உத்தியோகத்தர் ஆகிய பலரிடமும் டார்வின் ஐயங்களைக் கேட்டெழுதினார். நம் நாட்டிற்கும் அதில் ஒரு பங்குண்டு. 1849 ஆம் ஆண்டு முதல் பேராதனைத் தாவரவியற் பூங்காவைப் பரிபாலித்த துவெயிற்ஸ் என்பார் டார்வினுடைய நண்பருள் ஒருவர். ஒரே இனத்துச் செடிகளிற் சிலவற்றின் பூக்களிலே தம்பம் நீண்டும், சிலவற்றிற் குறுகியும் இருப்பதன் காரணத்தை டார்வின் ஆராய்ந்த காலத்தில், இலங்கைத் தாவரங்களின் பூக்கள் பேராதனையிலிருந்து அவருக்குச் சென்றன. 1877 இல் வெளிவந்த நூலில் அவ்வுதவியை அவர் குறிப்பிட்டுள்ளார். யானை துன்புறும்போது கண்ணீர் சொரியுமோ என்பது அவருக்கிருந்த மற்றோர் ஐயம். இலங்கையிலே புதிதாகப் பிடிக்கப்பட்ட யானைகளைப் பார்த்துவந்தோர், அவை உரக்கப் பிளிறியும் கண்ணீர் சிந்தவில்லை என்றும், யானை அழுததைத் தாம் கண்டதேயில்லை என இந்நாட்டு வேட்டைக்காரர் உறுதியாய்க் கூறினர் என்றும் அறிவித்தனர். இலண்டனில் யானைக் காவலர் ஒருவர் கூறியதோ இதற்கு மாறானது. 1872 இல் உணர்ச்சி வெளிப்பாடு பற்றி எழுதிய நூலிலே, டார்வின் இரு கூற்றுக்களையும் மறையாது எடுத்துரைத்தார். தம் கருத்துக்கு ஒவ்வாத செய்தியையும் மதித்து வைப்பதே அறிவைப் பகிர்வதன் முதல் ஒழுக்கம்.

அவ்வொழுக்கத்துக்குக் கடுஞ்சோதனை ஒன்று 1858 யூன் மாதத்தில் வந்தது. மலாயத் தீவுக்கூட்டத்திலே, தெர்னாத்தே என்னும் சிறு தீவிலிருந்து அல்பிரட் றசல் வாலஸ் ஒரு கட்டுரையை அனுப்பியிருந்தார். வாலஸ் செல்வரல்லர், பதினான்கு வயதளவிலே பள்ளியை விட்டவர், பறவைகளையும் வண்டுகளையும் பிடித்து விற்றுப் பிழைத்தவர். டார்வின் இருபதாண்டுகளாய் உள்ளத்தில் வைத்திருந்த இயற்கைத் தேர்வுக் கொள்கையே அக்கட்டுரையிலும் இருந்தது. தகுதியுடையதாயின் புவியியலறிஞர் லயெலிடம் சேர்ப்பிக்குமாறு வாலஸ் வேண்டியிருந்தார். டார்வின் அவ்வாறே செய்தார். கட்டுரையை மறைத்துவைத்திருந்தாற் கண்டுபிடிப்பார் எவர்? அம்மாத இறுதியிலே டார்வினின் கைக்குழந்தையும் காய்ச்சலால் இறந்தது. துயரில் ஆழ்ந்திருந்த அவர், முடிவைத் தம் நண்பர்களாகிய லயெலிடமும் ஹூக்கரிடமும் ஒப்படைத்தார்.

1858 யூலை முதலாந் திகதி, இலண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்துக்களும் ஒருங்கே வாசிக்கப்பட்டன. டார்வினின் கொள்கை முன்னரே உருவானது என்பதற்குச் சான்றாக எடுத்துக்காட்டப்பட்டவற்றுள் ஒன்று, அவர் 1857 இல் அமெரிக்கத் தாவரவியலறிஞர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதமாகும். எனினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. வாலசின் இசைவை எவரும் கேட்கவில்லை. கேட்டு விடை பெறுதற்கு மாதக்கணக்கிற் காத்திருக்க நேர்ந்திருக்கும். செய்தியறிந்த வாலஸ் மகிழ்ந்தே மறுமொழி எழுதினார் என்பதும், 1889 இல் தாம் எழுதிய நூலுக்கு டார்வினியம் என்றே பெயரிட்டார் என்பதும் அவருடைய பெருந்தன்மைக்குச் சான்றாகும். ஆயினும், ஒருவருடைய பெருந்தன்மை மற்றவரது கடமையைத் தீர்த்துவிடாது.

கடிதம் பயன்படாது போன வரலாறும் உண்டு. ஒஸ்திரிய நாட்டு ப்ரூன் நகர மடத்துத் துறவியாகிய மெண்டல், பட்டாணிச் செடிகளை ஆராய்ந்து பரம்பரையின் விதிகளைக் கண்டு, 1866 இல் அச்சிட்டார். அதன் பிரதியை மியூனிக் நகரிலிருந்த பேராசிரியர் நேகலிக்கு அனுப்பிக் கடிதமும் எழுதினார். நேகலி விடை எழுதினார். ஆனால் அந்த ஆராய்ச்சியின் சிறப்பை உணர்ந்தாரில்லை. 1884 இல் மெண்டல் மறைந்தார். 1900 ஆம் ஆண்டிலேதான் உலகம் அவரை அறிந்தது. மாறல்கள் எவ்வாறு வழிவழி செல்கின்றன என்று டார்வின் வாழ்நாள் முழுதும் தேடிய வினாவுக்கு விடை, அவர் காலத்திலேயே அச்சில் இருந்தது. இடையிற் கேட்குஞ் செவி ஒன்று இல்லாமையால் முப்பத்துநான்கு ஆண்டுகள் வீணாயின.

மூன்றாவதாக, சமூகக் கவலை. ஆசா கிரேக்கும் டார்வினுக்குமிடையே சென்ற கடிதங்களிலே பூக்களைப் பற்றிய குறிப்புக்கு அடுத்த வரியில் அடிமை முறை பற்றிய வேதனை காணப்படும். 1861 இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையை ஒழிப்பதே போரின் நோக்கமென வட மாநிலங்கள் வெளிப்படையாய் அறிவித்தல் வேண்டுமென்று டார்வின் ஏங்கினார். இங்கிலாந்தும் அமெரிக்காவும் பகைக்கும் நிலை தோன்றியபோது இருவர் எழுத்திலும் கசப்புப் புகுந்தது. இருந்தும் கடிதம் நிற்கவில்லை. 1865 இல் யமேக்காவில் எழுந்த கிளர்ச்சியை ஆளுநர் எயர் அடக்கியபோது நானூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவர்மீது வழக்குத் தொடுக்க முயன்ற குழுவுக்கு டார்வின் பத்துப் பவுண் அளித்தார். நெருங்கிய நண்பர் ஹூக்கரோ ஆளுநரின் பக்கம் நின்றார். கருத்து மாறுபட்டும் அவர்கள் நட்பு முறியவில்லை. நட்புக்காகக் கருத்தை மறைக்கவுமில்லை.

உதவியும் இவ்வழியே சென்றது. பிறேசில் நாட்டில் வாழ்ந்த பிறிற்ஸ் மியுலரை டார்வின் நேரிற் கண்டதேயில்லை. 1880 இல் வெள்ளத்தால் அவர் இழப்படைந்தார் என்று கேட்டதும், நூல்களும் கருவிகளும் வாங்க நூறு பவுண் தருவதாக எழுதினார். மான்செஸ்டர் நகரிலே பெண்களுக்கென இலக்கியச் சங்கம் தொடங்கிய லிடியா பெக்கர் கட்டுரை கேட்டபோது, தம் ஆய்வுரைகளை அனுப்பி வைத்தார். அப்பெண்மணி பின்னர் வாக்குரிமைப் போராட்டத்தின் முன்னணியில் நின்றார். வாலஸ் முதுமையில் வறுமையுற்ற காலத்து, அவருக்கு அரசாங்க உபகாரச் சம்பளம் பெற்றுக்கொடுக்கப் பலரிடமும் எழுதிக் கையொப்பம் திரட்டியவரும் டார்வினே. வாலஸ் ஆவியுலக நம்பிக்கை உடையவர் என்று ஹூக்கர் முதலில் தயங்கினார். டார்வின் விட்டாரில்லை. 1881 இல் பிரதமர் கிளாட்ஸ்டன் ஆண்டுக்கு இருநூறு பவுண் வழங்க இசைந்தார்.

இத்தனை சிறப்பினிடையே, கடிதம் எழுத இயலாதாரையும் நினைத்தல் தகும். எடின்பரோவிலே இளம் டார்வினுக்குப் பறவைகளைப் பாடம் பண்ணக் கற்பித்தவர், கயானாவில் முன்பு அடிமையாயிருந்த ஜோன் எட்மன்ஸ்டன். டார்வின் தம் வரலாற்றில் அவரைப் பாராட்டினார், பெயரைக் குறிக்கவில்லை. வாலசுடன் தீவு தீவாய் அலைந்தவர் சரவாக்கைச் சேர்ந்த அலி என்னும் இளைஞர். 1858 இல் பச்சான் தீவிலே அதுவரை ஐரோப்பியர் அறியாத சொர்க்கப் பறவை ஒன்றை எய்து கொணர்ந்தவர் அவரே. அப்பறவை இன்று வாலசின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. நம் நாட்டு யானை வேட்டைக்காரரின் சொல்லும் நூலில் இடம்பெற்றது. அவர்தம் பெயர்கள் இடம்பெறவில்லை. உடனுழைத்தாரின் பெயரையும் உலகறியச் செய்தாலன்றி, பகிர்தல் நிறைவுறாது.

டார்வினின் கடிதங்களைத் தொகுக்கும் பணி 1974 இல் தொடங்கி முப்பது தொகுதிகளாய் முற்றுப்பெற்றுள்ளது. இன்று ஆராய்ச்சி முடிவொன்று கணப்பொழுதிற் கடல் கடக்கின்றது. மாணவனுக்குரிய இடமும் நண்பனுக்கு நேர்ந்த இடரும் அவ்வாறே பரவுகின்றன. விரைவு வளர்ந்தபோதும், வேண்டப்படும் பண்புகள் பழையனவே: தமக்கு மாறான செய்தியை மறையாமை, பிறர்க்குரிய புகழைப் பிறர்க்கே அளித்தல், அறியாத ஒருவர் எழுதினும் கருத்தூன்றி வாசித்தல். நேகலியின் மேசைமீது கிடந்த கடிதம் போன்ற ஒன்று இன்றும் எவருடைய மேசைமீதாவது கிடத்தல் கூடும். அதனை எடுத்து வாசிப்பவர், அறிவுலகுக்குப் பெருந்தொண்டு செய்தவராவர்.