கீழ்த்தளக் கடைகளைப் புதுப்பிக்கும் வேலையை யாரிடம் கொடுப்பது?

(சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தலைவர் என்னைப் பேசச் சொன்னது நான் இன்ஜினீயர் என்பதால் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கலவை போடுவதில் நம்மூர் மேஸ்திரிக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட எனக்குத் தெரியாது. பணம் எப்படிக் கை மாறுகிறது, எந்தக் காகிதம் பின்னால் காப்பாற்றும் என்பது மட்டும் கொஞ்சம் தெரியும்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தரைத்தளத்தில் உள்ள சங்கத்தின் கடைகளில் கூரைப் பூச்சு உதிர்கிறது, இரண்டு இடத்தில் கம்பி வெளியே தெரிகிறது, ஷட்டர்கள் துருப்பிடித்துவிட்டன. அந்த வாடகையில்தான் நம் லிஃப்ட்டும் வாட்ச்மேன் சம்பளமும் ஓடுகின்றன. புதுப்பிக்க மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது. இதற்கு நடுவில் மளிகைக் கடைக்காரர் பக்கத்துக் கடையையும் சேர்த்துக் கேட்கிறார். இடையில் இருக்கும் சுவரையும் பில்லரையும் எடுத்துக் கொடுத்தால் வாடகையைக் கூட்டித் தருகிறாராம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வியாபாரத்துக்கு இடம் வேண்டும்.

மூன்று காண்ட்ராக்டர்களிடமும் கேட்டோம். இருவர், "தாராளமா எடுத்துடலாம் சார், ஒரு இரும்பு கர்டர் கொடுத்துட்டா போதும்" என்றார்கள். ஒருவர் மட்டும், "சுவரைப் பத்தி யோசிக்கலாம். பில்லரை, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காம நான் தொட மாட்டேன்" என்றார். மூன்றில் அவர் ரேட்தான் அதிகம். அவரை முதல் சுற்றிலேயே தள்ளிவிடலாம் என்று சிலர் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது.

மும்பை காட்கோபரில் நடந்ததைச் சொல்கிறேன். சித்தி சாய் என்று ஒரு நான்கு மாடிக் கட்டடம். நம்மைப் போலவே மேலே வீடுகள், கீழே தொழில். தரைத்தளத்தில் இருந்த நர்சிங் ஹோமை மூடிவிட்டு, அந்த இடத்தைப் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. 2017 ஜூலை 25-ஆம் தேதி கட்டடம் மொத்தமாகச் சரிந்தது. 17 பேர் இறந்தார்கள். கீழே தூண்களில் கை வைத்ததுதான் காரணம் என்று குடியிருப்போர் குற்றம் சாட்டினார்கள். தரைத்தளத்தின் உரிமையாளர் கைதானார். இறந்தவர்கள் மேல் மாடிகளில் தங்கள் பாட்டுக்கு வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். கீழே எந்தக் காண்ட்ராக்டர் என்ன ரேட் போட்டார் என்று அவர்கள் யாரைக் கேட்டிருக்க முடியும்? நாம் கேட்க முடியும், ஏனென்றால் நம் கடைகளுக்கு நாமே சொந்தக்காரர்கள்.

பில்லரை எடுத்தால் கர்டர் தாங்காதா என்று பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற நம் முதல் மாடிக்காரரிடம் கேட்டேன். ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். பில்லருக்கு மேலே வரும் இடத்தில் பீமின் மேல்பக்கம் கம்பி அதிகம் போடுவார்கள். இரண்டு பில்லருக்கு நடுவில் கீழ்ப்பக்கம் அதிகம். பில்லரை எடுத்துவிட்டால் அந்த இடம் நடுவாக மாறிவிடுகிறது. அங்கே கீழே வேண்டிய கம்பி மேலே கிடக்கும். மேல் தளங்களின் எடையும் அந்தப் பில்லரை விட்டுப் பக்கத்துப் பில்லர்களுக்குப் போய்விடும். அவற்றின் அஸ்திவாரம் அதற்காகப் போட்டதில்லை. கர்டர் வைத்துச் செய்ய முடியாத வேலை இல்லை, ஆனால் கணக்குப் போட்டு, முட்டுக் கொடுத்துச் செய்கிற வேலை. "கொடுத்துட்டா போதும்" என்கிற வேலை அல்ல என்றார்.

தென் கொரியாவில், சியோலில், சாம்பூங் என்று ஒரு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் இருந்தது. நான்கு மாடிக்குப் போட்ட திட்டத்தைக் கடைக்காக மாற்றி, ஐந்தாவது மாடியும் வேண்டும் என்றார் முதலாளி. கட்டிக்கொண்டிருந்த கம்பெனி மறுத்தது. அந்தக் கம்பெனியை அனுப்பிவிட்டுத் தன் சொந்தக் கம்பெனியை வைத்துக் கட்டி முடித்தார். 1995 ஜூன் 29 அன்று அது இடிந்து 502 பேர் இறந்தார்கள். இவ்வளவு தூரம் போவானேன்? 2014 ஜூன் 28-இல் சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்ததை டி.வி.யில் நாம் எல்லோரும் பார்த்தோம். அது புதுக் கட்டடம், வேறு கதை. ஆனாலும் மாட்டேன் என்று சொல்லத் தெரிந்த காண்ட்ராக்டரை, அந்த ஒரு காரணத்துக்காகத் தள்ளிவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

இனி ரேட்டுக்கு வருகிறேன். குறைந்த தொகை போட்டிருப்பவர் "சீலிங் பூச்சு வேலை, சதுர அடிக்கு இவ்வளவு" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார். அதிகம் போட்டிருப்பவர் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார்: தட்டிப் பார்த்துப் பொள்ளலான இடத்தைக் கொத்தி எடுப்பது, கம்பியின் துருவைத் தேய்த்து எடுப்பது, துருத் தடுப்புப் பூச்சு, அப்புறம்தான் கலவை. துருப்பிடித்த கம்பி ஊதிப் பெருக்கும். அதுதான் கான்கிரீட்டைத் தள்ளி உதிர்க்கிறது. துருவை எடுக்காமல் மேலே பூசினால் அந்தப் பூச்சும் கீழே வரும், கடைக்கு வந்தவர் தலையில். ஆக இவை ஒரே வேலைக்கான இரண்டு விலைகள் இல்லை. சங்கமே ஒரு வேலைப் பட்டியல் தயாரித்து மூவரிடமும் கொடுத்து, அதற்கு ரேட் வாங்க வேண்டும். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா என்பதும் அதில் இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர் அந்த வரியை நம்மிடம் வசூலிக்க முடியாது.

"பாதிப் பணம் அட்வான்ஸ்" என்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். பொருள் வந்து இறங்கியதும் கொஞ்சம், பிறகு அளந்து பார்த்த வேலைக்கு மட்டும் பில். எல்லாம் வங்கி வழியாகவே. ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதம் நிறுத்திவைத்து ஒரு வருஷம் கழித்துக் கொடுப்போம். ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்று தாண்டினால்தானே ஒழுகல் தெரியும்! நம்முடையது பதிவு பெற்ற சங்கம் என்பதால் டி.டி.எஸ். பிடிக்க வேண்டும்: ஒரே பில் 30,000 ரூபாயையோ, வருஷ மொத்தம் ஒரு லட்சத்தையோ தாண்டினால் தனிநபருக்கு 1 சதவீதம், கம்பெனிக்கு 2. பான் எண் தராதவருக்கு 20. இதைச் சொன்னதும் ஒருவர் முகம் மாறியது. மாறட்டும்.

ஆட்களுக்கு விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று கேட்டு நகலை வாங்கிக்கொள்ள வேண்டும். அவர்கள் செய்து முடித்த வேலையையும் போய்ப் பார்க்க வேண்டும். போன மாசம் முடித்ததை அல்ல. எந்த வேலையும் புதுப் பெயிண்ட்டில் நன்றாகத்தான் இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன் செய்ததைப் பார்த்து, அந்தக் கடைக்காரரிடம் தனியாகப் பேசுங்கள். நகரிப் பக்கத்தில் அப்படி இரண்டு இடம் சொல்லியிருக்கிறார்கள். தெலுங்கு தெரிந்தவர்கள் இரண்டு பேர் கூட வந்தால் எனக்கு உதவியாக இருக்கும். ஒப்பந்தத்தையும் அவர்களுக்குப் படித்துப் புரிகிற மொழியில் ஒரு பிரதி கொடுத்துவிடலாம்.

எப்போது ஆரம்பிப்பது? டிசம்பர் 31 படித் திருவிழாக் கூட்டத்திலும் ஆடிக் கிருத்திகையிலும் நம் கடைக்காரர்கள் சம்பாதிக்கிறார்கள். அப்போது ஷட்டரைக் கழற்றி வைக்க முடியாது. தை பிறந்ததும் தொடங்கி, சித்திரை வெயில் ஏறுவதற்குள் முடித்தால் பூச்சுக்குத் தண்ணீர் விட்டு ஆற வைக்கவும் வசதி.

மூன்று கொட்டேஷன்களின் நகலும் சங்க அறையில் இருக்கின்றன. வரும் ஞாயிறு காலை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஒருவர் வந்து பில்லர்களைப் பார்க்கிறார். அவருக்கான கட்டணத்தைச் சங்கம் தரச் செயற்குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. அவர் அறிக்கை வந்த பிறகு ஓட்டெடுப்பை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மளிகைக் கடைக்காரரிடமும் அதுவரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.