பருப்பும் ஒரு பாடம்



பரிசு வாங்கிய பிள்ளைகளை எல்லாரும் பாராட்டிவிட்டார்கள். நான் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டுக் கிள்ளானில் பட்டறையிலும் பேரங்காடியிலும் வேலைக்கு நிற்கிற அண்ணன், அக்காமார்களைப் பற்றிப் பேசுகிறேன். "மேல படிக்க வைக்கக் காசுக்கு எங்கே போறது?" என்று நீங்கள் கேட்பது நியாயமே.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் வளர்ச்சிப் பொருளாதார முதுகலைப் பாடங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. கேட்டுப் படிக்கக் காசு இல்லை. தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். அதுவும் வருமானத்துக்குத் தக்கபடி. ஐந்து பாடங்களில் தேறியவர் அங்கேயே நேரில் போய்ப் படிக்க மனுச் செய்யலாம். இளங்கலைப் பட்டம் கட்டாயமில்லை. முதல் அணி 2020-இல் சேர்ந்தது.

பாடம் நடத்தும் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2019-இல் நோபல் பரிசு பெற்றவர்கள். 2003-இல் அவர்களோடு சேர்ந்து வறுமை ஆய்வுக்கூடம் தொடங்கியவர் செந்தில் முல்லைநாதன். பெயரைப் பாருங்கள், நம்ம பெயர்!

அப்படி என்னதான் பாடம்? ராஜஸ்தானில் உதய்ப்பூர்ப் பக்கத்துக் கிராமங்களைச் சீட்டுக் குலுக்கி மூன்றாகப் பிரித்தார்கள். எதுவும் செய்யாத ஊர்களில் முழுத் தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தைகள் நூற்றுக்கு 6. மாதம் தவறாமல் ஊசி முகாம் நடந்த ஊர்களில் 18. முகாமோடு, ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும், கடைசி ஊசிக்குச் சாப்பாட்டுத் தட்டுகளும் கொடுத்த ஊர்களில் 39! பருப்பு வீண்செலவு என்றுதான் நமக்குத் தோன்றும். கணக்குப் பார்த்தால், ஒரு குழந்தைக்கு ஆன செலவு பாதியாகக் குறைந்திருந்தது. கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் தாதிக்குச் சம்பளம் கொடுத்துத்தானே ஆகவேண்டும்?

நமக்கும் இப்படி ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் சாலைக்குப் பெயர் தந்த துன் சம்பந்தன், தோட்டத் துண்டாடலைத் தடுக்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் சீவியவர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டம் வாங்கினார்கள். அந்தப் பத்து வெள்ளியால் அவர்கள் பிள்ளைகளின் படிப்பும் பிழைப்பும் எவ்வளவு மாறின என்று அளந்து எழுத, நம் வீட்டுப் பிள்ளை ஒன்று வேண்டாமா?

சுலபம் என்று சொல்லி ஏமாற்றமாட்டேன். பாடம் ஆங்கிலத்தில், கணிதம் தாராளமாக வரும். வேலை முடிந்து வந்து, வாரத்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். பெற்றோர்களே, அந்த நேரத்தில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.