எக்செலிலிருந்து டேட்டாபேஸுக்கு: நம் சங்கத்தின் பராமரிப்புக் கணக்கு

(சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பராமரிப்புக் கணக்குக்காக எழுதிவரும் மென்பொருளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். முதலில் ஒரு மன்னிப்பு. போன வருடம் மூன்றாம் மாடி அம்மா ஒருவருக்கு இரண்டு காலாண்டுத் தொகை பாக்கி என்று நோட்டீஸ் போனது. பாவம், ரசீதுகளைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தார். தப்பு என்னுடையது. எக்செலில் பெயர்ப் பத்தியை மட்டும் அகர வரிசைப்படுத்திவிட்டேன். பக்கத்திலிருந்த தொகைகள் நகரவில்லை. ஒருவர் கட்டிய பணம் இன்னொருவர் பெயரில் நின்றது. எக்செல் எச்சரித்தது, நான்தான் படிக்காமல் அழுத்தினேன்.

டேட்டாபேஸில் இந்தத் தப்பு நடக்காது. ஒரு வரியில் உள்ள விவரங்கள் ஒன்றாகவே நகரும். 1970-இல் ஐபிஎம் நிறுவனத்தின் இ.எஃப். காட் வகுத்த முறை இதற்கு அடிப்படை. நமக்கு நான்கு அட்டவணைகள் போதும்: வீடுகள், ஆட்கள், பில்கள், ரசீதுகள். எல்லாவற்றையும் இணைப்பது வீட்டு எண். வாடகைதாரர் மாறினால் பழைய பெயரை அழிப்பதில்லை. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தார் என்று பதிகிறோம். ரசீதையும் அழிக்க முடியாது. தவறு என்றால் ரத்துப் பதிவு போட வேண்டும்.

தகவல்களை வைக்க எஸ்க்யூலைட்டைத் தேர்ந்தெடுத்தேன். 2000-இல் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்டது. உரிமக் கட்டணம் கிடையாது. மொத்தக் கணக்கும் ஒரே கோப்பில் அடங்கும். திரைகளைப் பைத்தான் மொழியில் எழுத ஏஐ கருவியின் உதவியை எடுத்துக்கொண்டேன். பல வாரம் பிடிக்கும் என்று நினைத்த வேலை சில நாட்களில் முடிந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சோதனைக்காக, நம் குடியிருப்பில் இல்லாத ஒரு வீட்டு எண்ணுக்கு ரசீது போட்டுப் பார்த்தேன். மென்பொருள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது! எஸ்க்யூலைட்டில் அந்தச் சரிபார்ப்பு வழக்கமாகத் தானாக இயங்காது. டேட்டாபேஸைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இயக்கச் சொல்லி ஒரு வரி எழுத வேண்டும். கருவி எழுதித் தந்ததில் அந்த வரி இல்லை. கருவி வேகமாக எழுதும். எது தப்பு என்று கேட்டுப் பார்ப்பது நம் வேலை.

அதனால் அவசரப்படவில்லை. ஒரு காலாண்டு முழுக்க எக்செலும் புதியதும் சேர்ந்தே ஓடும். இரண்டும் பைசா பிசகாமல் ஒத்துப்போன பிறகே மாறுவோம். காகித ரசீதுப் புத்தகம் தொடரும். தினமும் இரவு மென்பொருளை மூடிவிட்டு நகல் எடுப்போம். மாதம் ஒருமுறை அந்த நகலை வேறு கணினியில் திறந்து பார்ப்போம். திறக்காத நகல் இருந்தும் பயனில்லை. உங்கள் தொலைபேசி எண்களைச் செயலாளரும் பொருளாளரும் மட்டுமே பார்க்க முடியும்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். அடுத்த பில் வந்ததும் உங்கள் ரசீதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொன்று, இதைக் கற்றுக்கொள்ள இரண்டு பேர் வேண்டும். நாளை நான் வீடு மாறிப் போனால் சங்கத்தின் கணக்கு என்னோடு போய்விடக் கூடாது. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளும் வரலாம், ஓய்வுபெற்றவர்களும் வரலாம். ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையில் இருப்பேன்.