வழி தாங்கும் பலகாரம்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் உள்ள டெவன், கார்ன்வால் ஆகிய மாவட்டங்களில், ஸ்கோன் எனப்படும் சிறிய வட்ட ரொட்டியைக் குறுக்கே இரண்டாகப் பிளந்து, அதன்மீது பழ ஜாமும் கெட்டியான பாலேடும் வைத்து, சூடான தேநீரோடு உண்பது நெடுநாளைய வழக்கம். இச்சிற்றுண்டி முழுவதற்கும் கிரீம் டீ என்று பெயர். பாலேடு ரொட்டியின்மேல் வைக்கப்படுவதேயன்றித் தேநீரில் கலக்கப்படுவதில்லை. இந்த நான்கு பொருள்களையும் ஒரே பெட்டியில் அடுக்கிப் பிறந்தநாள் பரிசாகவோ நன்றிப் பரிசாகவோ அஞ்சலில் அனுப்புவது பிரிட்டனில் இன்று வேரூன்றிய வணிகமாகும். அத்தகைய பரிசு ஒன்றைத் திருத்தணியில் ஒரு வீட்டு அடுப்பில் தயாரித்து வெளியூருக்கு அனுப்ப இயலுமா என்று ஆராய்ந்தால், ரொட்டி சுடும் திறனைவிட அது செல்லும் வழியைப் பற்றிய அறிவே முதன்மையானது என்பது புலப்படும்.

ஸ்கோனின் தாயகம் ஸ்காட்லாந்து. ஓட்ஸ் அல்லது பார்லி மாவை வட்டமாகத் தட்டி, நான்கு துண்டுகளாக வெட்டி, இரும்புக் கல்லின்மேல் இருபுறமும் திருப்பிப் போட்டுச் சுடுவதே அதன் பழைய முறை. 1843-இல் பர்மிங்காம் நகரத்து வேதியியலர் ஆல்ஃபிரட் பர்ட், ஈஸ்ட் ஒவ்வாத தம் மனைவிக்காக, ஈஸ்ட் இன்றியே ரொட்டியை உப்பவைக்கும் பேக்கிங் பவுடர் ஒன்றை உருவாக்கினார். சோடா உப்பும் உலர்ந்த அமிலப்பொருளும் கலந்த அப்பொடி, ஈரமும் சூடும் பட்டவுடன் கரியமில வாயுவை வெளியிட்டு மாவை உயர்த்துகிறது. இத்தகைய பொடிகள் பரவிய பின்னரே, தட்டையாக இருந்த ஸ்கோன் இன்று காணப்படும் உயரத்தையும் மென்மையையும் பெற்றது.

செய்முறை எளிது, ஆனால் கைப்பக்குவம் வேண்டும். 250 கிராம் மைதாவுடன் மூன்று தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, 30 கிராம் சர்க்கரை ஆகியவற்றைச் சலித்துக் கலந்து, அதில் 60 கிராம் குளிர்ந்த வெண்ணெயைச் சிறு துண்டுகளாக இட்டு, புட்டுக்கு மாவு பிசிறுவதுபோல விரல் நுனிகளால் மட்டும் பிசிற வேண்டும். உள்ளங்கை பட்டால் வெண்ணெய் உருகி மாவில் ஊறிவிடும். உருகாமல் துகளாக நிற்கும் வெண்ணெயே அடுப்பில் இளகி, ரொட்டிக்குள் உதிரும் தன்மையை உண்டாக்குகிறது. பின்னர் ஏறத்தாழ 140 மில்லி பாலைச் சேர்த்து, மாவு ஒன்றுசேரும் அளவுக்கு மட்டும் கூட்டினால் போதும். பரோட்டாவுக்குப் போல அடித்துப் பிசைந்தால் கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் பசைப்புரதம் இழைகளாகப் பின்னிக்கொள்ள, ரொட்டி இறுகிப்போகும். மாவை இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, வட்ட அச்சைத் திருகாமல் நேராக அழுத்தி வெட்டி, 220 டிகிரி செல்சியஸ் சூட்டில் 12 முதல் 15 நிமிடம் வரை சுட வேண்டும். மின் அடுப்பு இல்லாத வீட்டில், பழைய ஸ்காட்லாந்து முறைப்படி சற்று மெல்லியதாகத் தட்டி, தோசைக்கல்லில் மூடியிட்டுச் சிறுதீயில் இருபுறமும் சுடலாம்.

பாலேடுதான் இச்சிற்றுண்டியின் சிறப்பும் சிக்கலும் ஆகும். கொழுப்பு மிகுந்த பாலையோ கிரீமையோ கொதிக்கவிடாமல் நீண்ட நேரம் இளஞ்சூட்டில் வைத்து, பிறகு ஆறவிட்டால், மேலே பொன்னிறத் தோலோடு கட்டியான ஏடு திரளும். அதையே கரண்டியால் வழித்தெடுக்கின்றனர். கார்ன்வாலின் பாலேட்டுக்கு 1998-இல் ஐரோப்பிய ஒன்றியம் பிறப்பிடப் பாதுகாப்பு வழங்கியது. அப்பெயரில் விற்கப்படும் ஏட்டில் 55 சதவீதத்துக்குக் குறையாமல் கொழுப்பு இருக்க வேண்டும். ரொட்டியில் முதலில் பாலேட்டைத் தடவுவதா, ஜாமைத் தடவுவதா என்பதில் டெவன் மக்கள் பாலேட்டின் பக்கமும் கார்ன்வால் மக்கள் ஜாமின் பக்கமும் நின்று இன்றளவும் வழக்காடி வருகின்றனர்.

இந்நான்கையும் ஒரே பெட்டியில் அடைக்கும்போது, வெவ்வேறு ஆயுள் கொண்ட பொருள்கள் ஒன்றாகப் பயணம் செய்கின்றன. தேயிலை ஈரம் படாதவரை மாதக்கணக்கில் நிற்கும். ஜாமில் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை இருப்பதால், அது நீரைத் தன்னிடம் பிணைத்துக்கொண்டு, நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு வேண்டிய ஈரத்தைக் கிடைக்காமல் செய்கிறது. ஸ்கோனோ சுட்ட அன்றே சுவையானது. மறுநாளே உலரத் தொடங்கும். மாவுச்சத்தின் மூலக்கூறுகள் மீண்டும் இறுகுவதே அதற்குக் காரணம். அவ்விறுக்கம் குளிர்பதனப் பெட்டியின் சாதாரண குளிரில் இன்னும் விரைவாக நிகழ்வதால், ஸ்கோனை உறைநிலையில் வைக்கலாமே தவிர வெறும் குளிரில் வைப்பது தவறு. பாலேடு எப்போதும் குளிரிலேயே இருக்க வேண்டிய பொருள்.

பிரிட்டனின் தட்பவெப்பமும் மறுநாளே சேரும் அஞ்சலும் இந்த முரண்பாட்டை ஓரளவு மறைத்துவிடுகின்றன. ஆயினும் அங்கும் அதற்கு எல்லை உண்டு. 2021 ஜனவரி முதல் இங்கிலாந்திலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குத் தனிநபர் அனுப்பும் பொட்டலங்களில் பால்பொருள்கள் தடைசெய்யப்பட்டுள்ளதால், பாலேடு கடலைத் தாண்டிப் பிரான்சுக்குக் கூடச் செல்ல இயலாது. திருத்தணியின் நிலை இதனினும் கடினம். கோடைக்கால வானிலை அறிக்கைகளில் தமிழகத்தில் வெயில் மிகுந்த ஊர்களின் வரிசையில் அடிக்கடி இடம்பெறும் இவ்வூரில், வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதன்று. வெண்ணெயோ 35 டிகிரியிலேயே இளகிவிடும். பால்பொருள்களைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் இத்தகைய சூட்டில் மிக விரைவாகப் பெருகுவதால், ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்குப் பேருந்தில் அனுப்பினாலும், பனிக்கட்டிப் பொதி இல்லாத பாலேடு பாதுகாப்பாகப் போய்ச் சேராது.

இவ்வெயிலுக்கு ஏற்ற பரிசுப் பலகாரம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்குத் தொலைவில் சென்று விடை தேட வேண்டியதில்லை. முருகனின் ஐந்தாம் படைவீடான திருத்தணியில், ஆடிக் கிருத்திகைக்கும் டிசம்பர் 31-ஆம் நாள் படித் திருவிழாவுக்கும் 365 படிகள் ஏறி வழிபடும் அடியார்கள், கோயில் பிரசாதத்தை நெடுந்தொலைவிலுள்ள தம் வீடுகளுக்கு எடுத்துச் செல்வது வழக்கம். முருகன் கோயில்களில் வழங்கப்படும் பஞ்சாமிர்தத்தின் அமைப்பு இங்கே கருதத்தக்கது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தம் மலை வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், பசுநெய், ஏலக்காய் ஆகியவற்றோடு பேரீச்சம்பழமும் கற்கண்டும் சேர்த்து, ஒரு துளி நீரும் விடாமல் செய்யப்படுகிறது. பழத்தின் ஈரத்தைச் சர்க்கரையும் தேனும் பிணைத்துக்கொள்கின்றன. பாலின் கொழுப்போ நீர் முழுதும் நீங்கிய நெய்யாகச் சேர்கிறது. அரிசியும் வெல்லமும் நெய்யும் கொண்டு செய்யப்படும் சபரிமலை அரவணையை 2020 முதல் இந்திய அஞ்சல் துறை நாடெங்கும் அனுப்பி வருவதும் இதே தன்மையால்தான். மணமான மகளின் வீட்டுக்குத் தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் அனுப்பும் குடும்பங்களும், ஈரம் கட்டுப்பட்ட பலகாரமே வழியைத் தாங்கும் என்னும் இந்த விதியைப் பெயர் சொல்லாமலே கடைப்பிடித்து வந்துள்ளன.

ஆகவே கிரீம் டீயைத் திருத்தணியிலிருந்து அனுப்ப விரும்புவோர், பிரிட்டன் பெட்டியை அப்படியே நகல் எடுக்காமல், கெடும் பொருளைப் பெறுபவர் வீட்டுக்கு விட்டு, கெடாத பொருளை மட்டும் வழிக்கு ஒப்படைக்கும் முறையில் அதைத் திருத்தி அமைத்துக்கொள்ள வேண்டும். மைதா, பேக்கிங் பவுடர், சர்க்கரை, உப்பு ஆகியவற்றை அளந்து கலந்து ஈரம் புகாத பையில் அடைத்து, சேர்க்க வேண்டிய வெண்ணெய், பால் ஆகியவற்றின் அளவையும் சுடும் முறையையும் ஒரு தாளில் எழுதி வைத்தால், பெறுபவர் அரைமணி நேரத்தில் சூடான ஸ்கோனை உண்ண முடியும். ஸ்ட்ராபெரி ஜாமுக்கு மாற்றாக, எல்லைக்கு அப்பால் சித்தூர் மாவட்டத்தில் பெருமளவில் விளையும் தோத்தாபுரி எனப்படும் கிளிமூக்கு மாம்பழத்தின் ஜாமையும், தேநீருக்கு நீலகிரித் தேயிலையையும் வைக்கலாம். 1960 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தோடு இணைந்திருந்த ஊரிலிருந்து செல்லும் பரிசுக்கு, அந்த மாம்பழம் பொருத்தமானதும்கூட. பாலேட்டுக்கு, பரிசைப் பெறுபவரே எருமைப்பாலைச் சிறுதீயில் காய்ச்சி, இரவு முழுதும் ஆறவைத்து, காலையில் ஏடாக எடுத்துக்கொள்வது நலம். பசும்பாலைவிட எருமைப்பாலில் கொழுப்பு மிகுதி என்பதால் ஏடும் தடிப்பாகப் படியும்.

உணவைப் பரிசாக அனுப்புவோர் அதன் சுவையைப் பற்றி எண்ணுவதற்கு முன், அது எத்தனை நாள் வழியில் இருக்கும், எவ்வளவு வெயிலைத் தாங்கும் என்று கணக்கிட வேண்டும். பொதியின்மேல் தயாரித்த நாளையும் உண்ண வேண்டிய கெடுவையும் தவறாமல் எழுத வேண்டும். சுட்ட ஸ்கோனையும் பாலேட்டையும் உள்ளூர் உறவினருக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதே முறை; வெளியூருக்கு மாவுக்கலவையும் ஜாமும் தேயிலையும் போதும்.