ஞாயிறு யாருக்கு உரியது?

(திருவனந்தபுரத்தில், தொடர் கல்வி மையம் ஒன்றில் பேசியது)



நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே சாலைக் கடைத்தெருப் பக்கம் வந்த புதிது. நான் சின்னப் பையன். எனக்குக் கடுமையான காய்ச்சல். அம்மா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். கதவு பூட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு பலகை. அங்கே நின்றவர் வாசித்துச் சொன்னார்: "ஞாயர் அவதி."

"அவதிதான் ஐயா! பிள்ளைக்கு உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறதே!" என்று அம்மா அழுதார்கள்.

மலையாளத்தில் அவதி என்றால் விடுமுறை. அது அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் ஞாயர் என்பது நம் ஞாயிறுதான். திங்கள், புதன், வெள்ளி, சனி இரண்டு மொழியிலும் ஒன்றே. நம் செவ்வாய் அங்கே சொவ்வ. நம் வியாழன் அங்கே வியாழம். எழுத்துத்தான் வேறு.

ஞாயிறு என்றால் சூரியன். இந்தியில் ரவிவார். ரவி என்றாலும் சூரியன். தெலுங்கில் ஆதிவாரம். ஆதித்தன் என்றாலும் சூரியன். இலங்கையில் சிங்களர் இரிதா என்பார்கள். இர என்றால் சூரியன். ஆங்கிலத்தில் சன்டே. சன் என்றாலும் சூரியன்தான்!

எல்லா மொழியிலும் இப்படி இல்லை. அரபியில் அஹத் என்பார்கள். அதற்கு ஒன்று என்று பொருள். வாரத்தின் முதல் நாள் அது. வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். போர்ச்சுகீசியர் தொமிங்கோ என்பார்கள். ஆண்டவரின் நாள் என்று பொருள்.

சரி, கிழமை என்றால் என்ன? உரிமை! நிலம் உடையவரை நிலக்கிழார் என்கிறோம் அல்லவா? அதே சொல்தான். ஞாயிற்றுக்கிழமை என்றால் சூரியனுக்கு உரிய நாள்.

அந்த நாள் உழைப்பவருக்கு ஓய்வு நாளாகச் சும்மா கிடைக்கவில்லை. பம்பாய் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வாரம் ஒரு நாள் ஓய்வு கேட்டார்கள். நாராயண் மேகாஜி லோகண்டே அவர்களுக்குத் தலைமை தாங்கினார். பல ஆண்டுகள் போராடினார்கள். 1890ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு ஒப்புக்கொண்டார்கள்.

இங்கே வீட்டு வேலைக்குப் போகும் அக்காமார் இருக்கிறீர்கள். கடையில் மூட்டை தூக்கும் அண்ணன்மார் இருக்கிறீர்கள். உங்களில் எத்தனை பேருக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு உண்டு?

அடுத்த வகுப்புக்கு ஏழு கிழமைகளையும் தமிழில் எழுதி வாருங்கள். கடைப் பலகையைப் பார்த்து மலையாளத்திலும் எழுதுங்கள். அதில் உங்களுக்கு உரிய நாள் எதுவோ, அதன் கீழே ஒரு கோடு போடுங்கள். கோடு போட ஒரு நாளும் இல்லாதவர்கள் அதையும் சொல்லுங்கள். சேர்ந்து பேசுவோம்.