உயிர்க் காலேஜ் இருந்த இடம்



சென்னை சென்ட்ரலில் இறங்கி ரிப்பன் மாளிகைப் பக்கம் நடக்கிற நம் ஆலங்காயத்து ஊர்க்காரர்களில் எத்தனை பேருக்கு, அந்த மண் ஒரு காலத்தில் பூங்காவாக இருந்தது தெரியும்? 1859-ல் கவர்னர் டிரெவெலியன் முனைந்து தொடங்கிய ‘பீப்பிள்ஸ் பார்க்’, 116 ஏக்கர் பரப்பில், குளங்களும் நிழற்சாலைகளும், ஜனங்கள் ‘உயிர்க் காலேஜ்’ என்றழைத்த மிருகக்காட்சி சாலையுமாய் விளங்கிற்று. அதை எந்தத் திருடனும் கொண்டுபோகவில்லை. விக்டோரியா மண்டபம் வந்தது, 1900-ல் மூர் மார்க்கெட் வந்தது, 1913-ல் ரிப்பன் மாளிகை வந்தது, பிறகு விளையாட்டரங்கம். எல்லாம் நற்காரியங்கள்தாம், நற்காரியத்துக்குக் குறுக்கே யார் நிற்பார்? குடிவந்தவர் கூடத்தை அடைத்துக்கொள்ள, வீட்டுக்காரர் திண்ணைக்கு ஒதுங்கிய கதை! 1985-ல் மூர் மார்க்கெட் தீக்கிரையானபோதாவது நிலம் பூங்காவுக்குத் திரும்பியதா? அங்கே புறநகர் ரயில் நிலையம் எழுந்தது.

அதே பெயருடைய பூங்கா ஒன்று அமெரிக்காவின் பெர்க்லி நகரில் இருந்தது. சர்வகலாசாலை வீடுகளை இடித்துச் சும்மா போட்டிருந்த மனையில், 1969 ஏப்ரலில் மாணவரும் ஊராரும் தாமே புல் பதித்துச் செடி நட்டனர். மே 15 அன்று அதிகாரிகள் வேலியடைத்தபோது மூண்ட கலவரத்தில் குண்டடிபட்ட இளைஞர் ஒருவர் நான்காம் நாள் மாண்டார். அரை நூற்றாண்டுக்கு மேல் தாக்குப்பிடித்த அந்தப் பூங்காவை, 2024 ஜனவரியில், மாணவர் விடுதி கட்டுவதற்காகக் கப்பல் சரக்குப் பெட்டிகளை மதில்போல் அடுக்கிச் சர்வகலாசாலை வளைத்துக்கொண்டது. மாணவருக்கு இருப்பிடம் தருவது அதர்மமா? அல்லவே! சங்கடமெல்லாம் அங்கேதான்.

நமக்கு அது புதிதோ? வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ஆயிரமாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்ட தோல் தொழிலே பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. ‘வேலை வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா?’ என்ற குயுக்திக் கேள்விக்கு வாயடைத்துப் போகாமல், வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்காடியதால்தான், கெடுத்தவரே அதற்கு ஈடு தரவேண்டும் என்று 1996 ஆகஸ்டு 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகையால், நாளைக்கு நம் ஊர்ப் பொது மைதானத்தில் முளைக்குச்சி அடிக்கப்படுமானால், கட்டப்போவது கல்யாண மண்டபமோ, படிப்பகமோ, எதுவாயினும், அடிக்கல் நாட்டு விழாவுக்கு மாலை வாங்கப் புறப்படுமுன், அந்த நிலத்தின் புலப்படத்தை விரித்துக் காட்டச் சொல்லுங்கள்.