ஏரியும் ஓர் அமானிதமே

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவனவாக!

 

ஆண்டுதோறும் இக்கூட்டத்தில் தொழுகையைப் பற்றியும், ஜகாத்தைப் பற்றியும், மக்தப் பிள்ளைகளின் கல்வியைப் பற்றியும் பேசுவது என் வழக்கம். இவ்வாண்டு ஏரியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். தியாகராய நகரில் ஏரி எங்கே இருக்கிறது என்று நீங்கள் வியக்கக்கூடும். நாம் வாழும் இப்பகுதியே ஒரு காலத்தில் ஏரிதான்.

நுங்கம்பாக்கம் தொடங்கிச் சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த நீர்ப்பரப்பை ஆங்கிலேயர் 'லாங் டேங்க்' என்று அழைத்தனர். 1920களில் மாம்பலம் நகரமைப்புத் திட்டத்திற்காக அந்நீர் வடிக்கப்பட்டு, சர் பிட்டி தியாகராயர் பெயரில் இந்நகர் எழுந்தது. 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டமும் அவ்வேரியின் படுகையில் நிற்பதே. இன்று ஏரி இல்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்றும், நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு என்றும் அதன் பெயர் மட்டும் எஞ்சி நிற்கிறது.

வீடின்றித் தவித்த மக்களுக்கு வீடு தேவைப்பட்டது. முன்னோரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆயினும் மனிதன் மறந்தாலும் தண்ணீர் தன் இடத்தை மறப்பதில்லை. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கியதைக் கண்டோம். 2021 நவம்பரில் நம் தெருக்களிலேயே முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்தோம். இவ்விரண்டிற்கும் இடையே 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு நீர்த்தேக்கங்களும் ஏறத்தாழ வற்றிப்போயின. மழைநீர் தங்குவதற்கு இடம் இல்லாத ஊரில் மழைக்காலத்தில் வெள்ளமும் கோடையில் வறட்சியும் மாறி மாறி வருவது இயல்பே.

அக்கோடையில் ஒரு நாள் நம் ஹவ்ளில் தண்ணீர் இல்லை. லுஹர் நேரம் நெருங்கியது, லாரி வரவில்லை. முதியவர் ஒருவர் தம் வீட்டிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து, அதில் பாதியில் தாம் ஒளூச் செய்து, மீதியைப் பக்கத்தில் நின்ற இளைஞரிடம் கொடுத்தார். ஒரு செம்பில் இருவர் ஒளூச் செய்ய முடியும் என்பதை அன்று என் கண்ணால் கண்டேன். இரு கைகளையும் சேர்த்து அள்ளும் ஒரு முத்து அளவு நீரில் நாயகம் (ஸல்) அவர்கள் ஒளூச் செய்தார்கள் என்று பல்லாண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி வந்த எனக்கு, அதன் பொருள் அன்றுதான் விளங்கிற்று.

அதே கோடையில் நமக்குத் தெற்கே, குரோம்பேட்டைக்கும் தாம்பரத்திற்கும் அருகிலுள்ள சிட்லபாக்கத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது. குப்பையாலும் கழிவுநீராலும் ஆக்கிரமிப்பாலும் சுருங்கிப்போன அவ்வூர் ஏரி வறண்டு கிடந்தது. அங்குக் குடியிருப்போர் வார விடுமுறை நாட்களில் ஏரிக்குள் இறங்கித் தம் கைகளாலேயே பிளாஸ்டிக் குப்பையை அள்ளினர். ஒருபுறம் கையில் மண்வெட்டி. மறுபுறம் அதிகாரிகளுக்கு இடைவிடாத மனுக்கள். அவ்வாண்டிலேயே ஏரியைச் சீரமைக்க 25 கோடி ரூபாய்த் திட்டத்தை அரசு அறிவித்தது. மக்கள் முதலில் இறங்கினர். அரசு பின்னர் வந்தது. இவ்வரிசையை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் உபரிநீர் செம்பாக்கம் ஏரிக்குச் செல்லும். அங்கிருந்து அடுத்தடுத்த ஏரிகளின் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடையும். மேலுள்ள ஏரியில் கொட்டிய அழுக்கு கீழுள்ள ஏரிக்காரரின் கிணற்றில் இறங்கும். இதைப் படிக்கும்போது புகாரியில் வரும் கப்பலின் உவமை நினைவுக்கு வருகிறது. மேல்தட்டில் சிலரும் கீழ்த்தட்டில் சிலரும் பயணம் செய்கின்றனர். தண்ணீருக்காக மேலே ஏறி மற்றவர்க்குத் தொல்லை தருவானேன் என்று கீழே இருப்போர் தம் பகுதியில் ஓட்டையிட முனைகின்றனர். மற்றவர் தடுத்தால் எல்லோரும் பிழைப்பர். வாளாவிருந்தால் எல்லோரும் மூழ்குவர் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. ஏரிகளும் கால்வாய்களும் நமக்கு அக்கப்பலே.

சகோதரர்களே! மற்றவரைச் சொல்லுமுன் நம்மைச் சொல்ல வேண்டும். தேங்கிய நீரை அசுத்தப்படுத்தலாகாது என்று ஃபிக்ஹுப் பாடத்தில் ஓதுகிறோம். ஆனால் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த மறுநாள், குர்பானிக் கழிவுகள் சாக்குப் பைகளில் கட்டப்பட்டு மாம்பலம் கால்வாயில் மிதந்ததை நான் பார்த்திருக்கிறேன். வலீமா விருந்தின் இலைகளும் பிளாஸ்டிக் கோப்பைகளும் அங்கேயே போய்ச் சேர்கின்றன. அக்கால்வாய் நந்தனத்தின் வழியே அடையாற்றில் கலக்கிறது. வாஜிபான ஓர் அமலை நிறைவேற்றிவிட்டு, அதன் மிச்சத்தால் அண்டை வீட்டாருக்குத் துன்பம் தருவது எவ்வகையில் நன்மையாகும்? மாற்றுமதச் சகோதரர் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து செல்கையில், அவர் குறை கூறுவது நம்மை மட்டுமன்று, நம் தீனையும்தான்.

எனவே நிர்வாகக் குழுவின் முன் நான்கு கோரிக்கைகளை வைக்கிறேன். ஒன்று, ஒளூச் செய்து வழியும் நீரைச் சாக்கடையில் விடாமல், மணலும் சரளையும் இட்ட குழியின் வழியாகப் பள்ளியின் பழைய கிணற்றுக்கு அருகே பூமியில் இறக்க வேண்டும். 2003இல் சட்டம் கட்டாயமாக்கியபோது அமைத்த மழைநீர்க் குழாய்களையும் தூர் அகற்றிச் சீர்செய்ய வேண்டும். இரண்டு, குர்பானிக் கழிவுகளைத் தெருத்தெருவாகச் சேகரித்து மாநகராட்சியிடம் ஒப்படைக்க இளைஞர் குழு ஒன்று வேண்டும். மூன்று, மாதத்தில் ஒரு ஞாயிறு ஃபஜ்ருக்குப் பின், அண்டை வீட்டார் அனைவரையும் அழைத்துக்கொண்டு, கால்வாய்க் கரையிலோ ஏரிக் கரையிலோ துப்புரவுப் பணி செய்ய வேண்டும். நான்கு, அடுத்த ஆண்டறிக்கையின் வரவு செலவுக் கணக்கோடு தண்ணீர்க் கணக்கும் இடம்பெற வேண்டும்.

கணக்கு என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பத்தாம் நூற்றாண்டின் உத்தரமேரூர்க் கல்வெட்டு, ஏரியைப் பராமரிக்க 'ஏரி வாரியம்' என்றொரு குழுவைக் குடவோலை முறையில் தேர்ந்ததைக் கூறுகிறது. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் அப்பொறுப்புக்கு வர இயலாது. இம்மண்ணின் மரபும் அமானிதம் பற்றிய நம் மார்க்கமும் இங்கே கைகோத்து நிற்கின்றன. மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயில் குளத்திற்கான நிலத்தை ஆற்காட்டு நவாப் வழங்கினார் என்றும், அதன் நினைவாக முஹர்ரத்தின்போது முஸ்லிம்கள் அக்குளத்தைப் பயன்படுத்தும் வழக்கம் உண்டென்றும் மரபுவழியாகச் சொல்லப்படுகிறது. தண்ணீர் மதம் பார்ப்பதில்லை என்பதை முன்னோர் அறிந்திருந்தனர்.

மதீனாவில் விலைக்கு விற்கப்பட்ட ரூமா கிணற்றைத் தம் பொருளால் வாங்கி, எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள் உஸ்மான் (ரலி) அவர்கள். கிணறு வாங்கும் வசதி நமக்கு இல்லாதிருக்கலாம். இருக்கும் நீரை அழுக்காக்காமல் நம் பிள்ளைகளிடம் ஒப்படைப்பது நம் ஒவ்வொருவராலும் இயலும். மறுமையில் கேட்கப்படும் அருட்கொடைகளுள் இத்தண்ணீரும் ஒன்று.

யா அல்லாஹ்! எங்கள் நீர்நிலைகளில் பரக்கத் செய்வாயாக! எங்கள் கரங்களாலும் நாவுகளாலும் அண்டை வீட்டார்க்குத் தீங்கு நேராமல் காப்பாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.